வலப்பக்கக் கரைக்கு ஒரு ஆள்

நீலாம்பாள் வேலைக்குப் போகாதவள். பிள்ளையார்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். எழுபத்தொன்றில் ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார் வாசலில் நின்றபடி, "இந்த அம்மாவுக்கு என்ன தொழில்?" என்று கேட்டார். "அது சும்மா வூட்லதான் இருக்குது சார்" என்று உள்ளேயிருந்து பதில் சொன்னான் அவள் கணவன் சபாபதி. அவன் குரல் தறிக்குழியிலிருந்து வந்தது. அவனுக்கு வலப்பக்கத்தில், தோளோடு தோள் உரச, கையில் நெசவு நாடாவைப் பிடித்தபடி சும்மா இருந்தாள் நீலாம்பாள்.

சும்மா இருப்பதற்காக அவள் கோழி கூவுமுன் எழுந்தாள். நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சியில் பட்டு இழையைச் சுற்றினாள். தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, குழம்பு கூட்டி, பாத்திரம் கழுவிவிட்டு, கணவன் குழியில் காலை வைத்ததும் ஓடிவந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அப்படியே சும்மா இருந்தாள். ஒரே மகளை ஆரணியில் கட்டிக்கொடுத்த முகூர்த்தத்துக்கு மறுநாள்கூடச் சும்மா இருக்கத் தவறியதில்லை.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கான நாடாவை நெசவாளி எறிவான். இடப்பக்கக் கரையையும் அவனே பார்த்துக்கொள்வான். வலப்பக்கக் கரைக்கு இன்னொரு நாடா, அதை எறிய இன்னொரு ஆள். ஒவ்வொரு இழைக்கும் உடல் நூலைக் கரை நூல் பிடித்துக் கோத்துக்கொள்ள வேண்டும். அந்த இன்னொரு ஆள் இல்லையென்றால் புடவை ஒற்றைக் கரையோடு பிறக்கும். ஒற்றைக் கரைப் புடவையைக் கட்டிக்கொண்டு எந்த மணப்பெண் மணவறையில் உட்காருவாள்?

ஆகவே தறிக்குத் தறி ஓர் ஆள் உண்டு. வெளியாளாக இருந்தால் வாரம் எட்டு ரூபாய். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கையில் கொடுத்துவிட வேண்டும். பதினோரு மணிக்கு ஒரு டீ, ஒரு பன். கட்டிய மனைவியாக இருந்தால் இவை எதுவும் தேவையில்லை. ஏனென்றால் அவள் செய்வது வேலை அல்ல, ஒத்தாசை. தாலி எவ்வளவு வல்லமை வாய்ந்த பொருள் பாருங்கள்! மஞ்சள் கயிற்றில் மூன்று முடிச்சு விழுந்ததுமே எட்டு ரூபாய் வேலை இலவசமாகிவிடுகிறது. டீயும் பன்னும்கூட மாயமாக மறைந்துவிடுகின்றன.

புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்ததும் சபாபதி அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு முதலாளி சிட்டிபாபுவிடம் போவான். பாவு நூலும் ஜரிகையும் முதலாளியுடையவை. நெய்த கூலி சபாபதியின் கையில் விழும். கோர்வையில் எங்காவது நூல் விட்டிருந்தால் சிட்டிபாபு விரலால் தடவிப் பார்த்து, "ஏமிப்பா இது?" என்பார். "பொம்பளை கண்ணு சரியில்ல மொதலாளி" என்பான் சபாபதி. கூலியில் பத்தோ பதினைந்தோ குறையும். கூலி முழுக்க அவன் பேரில், குற்றம் முழுக்க அவள் பேரில். இதைவிட நியாயமான பாகப்பிரிவினையை எந்தக் கோர்ட்டிலும் பார்க்க முடியாது.

உண்மையில் அவள் கண் சரியில்லைதான். நாற்பதை நெருங்கியதும் பக்கத்திலிருக்கும் நூல் இரண்டாகத் தெரியத் தொடங்கியது. மாலையில் கண்ணில் நீர் கொட்டும். "எனக்கு ஒரு கண்ணாடி வாங்கணுங்க" என்று தீபாவளிக்கு முன்னால் கேட்டாள். சபாபதி கண் கலங்கிவிடவில்லை.

"இன்னாத்துக்கு? நீ இன்னா பேப்பரா படிக்கிறே?"

"நூலு தெரியலீங்க."

"எங்கம்மா அறுவது வயசு வரைக்கும் வெறுங்கண்ணாலதான் கரை போட்டுச்சு."

அந்தத் தீபாவளிக்கு அவன் டிரான்சிஸ்டர் வாங்கினான். பாட்டுக் கேட்டுக்கொண்டே நெய்தால் அலுப்புத் தெரியாது என்பது அவன் கண்டுபிடிப்பு. அது அவனுடைய இடப்பக்கத்தில் வைக்கப்பட்டது. நீலாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டாள்.

இந்த நிலையில்தான் கீரைக்காரி லில்லி வந்து சேர்ந்தாள். திருப்புட்குழிப் பக்கத்து ஊர்க்காரி. கணவன் வீராசாமியோடு மலைக்குப் போய், தேயிலைத் தோட்டத்தில் பன்னிரண்டு வருஷம் இலை பறித்தவள். அவனுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டதால் இறங்கி வந்து, இப்போது தினமும் கீரைக்கூடையோடு பிள்ளையார்பாளையம் வருகிறாள். நீலாம்பாளுக்குத் தேயிலைத் தோட்டம் என்றால் சினிமாவில் பார்த்ததுதான். பனிமூட்டம், பச்சைச் சரிவு, சின்னக் கூடையோடு கதாநாயகி.

"மலையில எலை பறிக்கச்சொல்ல எல்லாரும் பாடுவீங்களாமே லில்லி?"

"பாடுவோமே! அட்டை காலு வழியா ஏறி ரத்தம் குடிக்கச்சொல்ல பாடாம இன்னாம்மா பண்றது?" லில்லி கூடையை இறக்கி வைத்தாள். "நெத்தியில கயிறு, முதுகுல கூடை, தலைக்கு மேல சாக்கு. மழையா இருந்தாலும் சரி, ஜுரமா இருந்தாலும் சரி. எடை போடுறவன் இருக்கானே, கூடைக்கு ஒரு கிலோ கழிப்பான். ஈர எலைக்கு ஒரு கிலோ கழிப்பான். காலையில பொண்டாட்டி கூட சண்டை போட்டுக்கினு வந்தான்னா அதுக்கு ஒரு கிலோ."

"அடப்பாவி! கூலி?"

"ஆம்பளைங்க செடியக் கவாத்து வெட்டிட்டு மத்தியானமே லயத்து வூட்டுக்குப் போயிடுவாங்க. அவங்களுக்கு முழுக் கூலி. நாங்க இருட்டுற வரைக்கும் நிப்போம், எங்களுக்கு முக்காக் கூலி. கேட்டா, எலை பறிக்கிறது லேசான வேலையாம். அந்த முக்காக் கூலியையும் பொண்டாட்டிக்காக புருஷனே வாங்கிக்கலாம்னு வழக்கம். மொத மாசம் எங்க வூட்டுக்காரரு வாங்கிக்கினாரு. ரெண்டாம் மாசம் நான் கூடையோட போயி மேசை முன்னாடி உக்காந்துட்டேன். காயம் இந்தக் கையில இருக்குது, காசையும் இந்தக் கையிலதான் போடணும்னு. கங்காணி கத்துனான், ரைட்டரு கத்துனாரு. நான் எந்திரிக்கல. போட்டாங்க." அவள் கீரைக்கட்டை உதறினாள். "அநியாயக் கூலிதாம்மா. ஆனா அந்த அநியாயம் என் கைக்கு வந்திச்சு. சரி, உங்களுக்கு எவ்ளோ குடுக்குறாங்க?"

"எனக்கா? அவருக்குத்தான் குடுக்குறாங்க."

"அவரு நெய்யிறதுக்கு அவருக்கு. நீங்க நெய்யிறதுக்கு?"

"நான் எங்க நெய்யிறேன்? சும்மா ஒத்தாசைக்கு..."

லில்லி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். "எங்களுக்காவது முக்கா. பட்டு ஊரு, பட்டு ஊருன்னாங்க, இங்க காலும் இல்லியா?"

இந்த இடத்தில் காமாட்சியம்மன் கோயில் மணி ஒலித்திருக்க வேண்டும். ஒலிக்கவில்லை. நீலாம்பாளும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயவில்லை. கீரையை ஆய்ந்தாள். ஆய்ந்த கீரையில் பாதி புல் என்பது சாப்பிடும்போதுதான் தெரிந்தது. சபாபதி தட்டைத் தள்ளிவிட்டு, "கண்ணு தெரியலியா உனக்கு?" என்று கத்தினான்.

"அதத்தான் நானும் சொல்லிக்கினு இருக்கேன்" என்றாள் நீலாம்பாள்.

மூன்று வீடு தள்ளிப் பரசுராமனின் தறி. அவன் மனைவி பொன்னியம்மாளும் இதே போலச் சும்மா இருப்பவள். வாய் மட்டும் சும்மா இராது. மறுநாள் குழாயடியில் நீலாம்பாள் லில்லி சொன்னதை அவளிடம் சொன்னாள்.

"உக்காந்து பாரேன் நீயும், குடுக்கிறாரான்னு" என்றாள் பொன்னியம்மாள். "எங்க வூட்டுக்காரருகிட்ட நான் போன வருஷமே கேட்டேன். புருஷன்கிட்ட கூலி கேக்குறவளுக்கு வேற பேருன்னாரு."

"அப்ப புருஷன்கிட்ட கேக்கக்கூடாது."

"பின்ன?"

நீலாம்பாள் குடத்தை நகர்த்தினாள். "பொன்னி, உங்க தறியில நான் உக்காந்தா நான் யாரு?"

"யாரு? வெளியாளு."

"எங்க தறியில நீ உக்காந்தா?"

பொன்னியம்மாளின் குடம் நிரம்பி வழிந்தது. குழாயை மூடத் தோன்றாமல் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

திங்கட்கிழமை காலை நீலாம்பாள் சோறாக்கி மூடி வைத்துவிட்டு, தலையை வாரிக்கொண்டு, தன் தறியைத் தாண்டி வெளியே போனாள். சபாபதி குழியில் காலை வைத்து, "ஏய், வா" என்று கூப்பிட்டபோது உள்ளே வந்தவள் பொன்னியம்மாள்.

"இன்னாமா, நீ இங்க?"

"கரைக்கு ஆள் வேணுமாமே அண்ணா. வாரம் எட்டு ரூபா. டீ, பன்னு."

"நீலா எங்க?"

"அது வேலைக்குப் போயிருக்குது."

சபாபதியின் தலையில் இடி விழுந்தது. விழுந்த இடியை வெளியே காட்டிக்கொள்ள முடியவில்லை, எதிரே நிற்பவள் அடுத்தவன் மனைவி. திட்ட முடியாது, கையை ஓங்க முடியாது. ஆவணி முகூர்த்தத்துக்குப் புடவையைக் கொடுத்தாக வேண்டும் என்று சிட்டிபாபு நெருக்கிக்கொண்டிருந்தார். அந்த மாதத்தில் கரைக்கு ஆள் கிடைப்பது வரதராஜர் கோயிலில் கருடசேவைக்கு முன்வரிசை கிடைப்பது போல. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நாடாவை எடுத்தான். மூன்று வீடு தள்ளிப் பரசுராமனும் அதே சமயம் அதே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பதினோரு மணிக்கு டீ வந்தது. பரசுராமன் தானே போய் வாங்கி வந்து, "எடுத்துக்கங்க" என்று டம்ளரை நீட்டினான். வெளியாளுக்கு மரியாதை. நீலாம்பாள் இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, தறிக்குப் பக்கத்தில், தான் போடாத டீயை, உட்கார்ந்தபடி குடித்தாள். பன்னில் பாதியைத் தின்று பாதியை முந்தானையில் முடிந்துகொண்டாள். மாலையில் அதைச் சபாபதிக்குக் கொடுத்தாள். கோபத்தோடு தின்றான்.

வேலை இனித்தது என்று எழுத ஆசைதான். ஆனால் நூல் அங்கேயும் இரண்டாகத்தான் தெரிந்தது. இரண்டு இடத்தில் கோர்வை விட்டுப் பிரித்துப் போட்டாள். தன் வீட்டில் என்றால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும். பரசுராமன், "பரவாயில்ல, மெதுவா போடுங்க" என்றான். அவன் மனைவி இதைக் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பாள்.

சனிக்கிழமை வந்தது. நீலாம்பாள் எட்டு ரூபாயை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சபாபதி கையை நீட்டினான்.

"எங்க?"

"எது?"

"கூலி."

"வாங்கிட்டேன்."

"குடு."

"உங்களுது உங்ககிட்ட. என்னுது என்கிட்ட."

"ஏய், என் வூட்டு சோத்தத் தின்னுட்டு..."

"அத ஆக்குனது யாரு? அதுவும் ஒத்தாசைதானா?"

சபாபதி செம்பைத் தூக்கி எறிந்தான். செம்பு நசுங்கியது, நீலாம்பாள் நசுங்கவில்லை. அன்றிரவு டிரான்சிஸ்டரில் சோகப் பாட்டாகவே வந்தது.

ஆண்கள் சும்மா இருப்பார்களா? ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் சபாபதியும் பரசுராமனும் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். பெரிய ராஜதந்திரம் ஒன்று பிறந்தது. "என் பொண்டாட்டிக்கு நீ குடுக்காத. உன் பொண்டாட்டிக்கு நானும் குடுக்கல." மறுநாள் சபாபதி இதைத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அறிவித்தான். பொன்னியம்மாள் நாடாவைக் கீழே வைத்தாள்.

"சரிண்ணா. பக்கத்துத் தெருவுல மூணு தறிக்குக் கரைக்கு ஆள் தேடிக்கினு இருக்காங்க. நான் அங்க போறேன். ஏன் வந்தேன்னு கேட்டா, சபாபதி அண்ணன் தறியில கூலி குடுக்கலன்னு சொல்லிக்கட்டா?"

வெளியாளுக்குக் கூலி கொடுக்காத தறி என்று பேர் விழுந்துவிட்டால் அப்புறம் அந்தத் தறியில் எந்த ஆளும் உட்காராது. ஊரில் அது தலைமுறைக்கும் நிற்கும் அவமானம். மனைவிக்குக் கொடுக்காமல் இருப்பதில் எந்த அவமானமும் இல்லை, அது குடும்ப கௌரவம். ராஜதந்திரம் நாடா இரண்டு முறை போய்வரும் நேரத்தில் செத்துப்போயிற்று.

மூன்றாம் சனிக்கிழமை நீலாம்பாளிடம் இருபத்து நான்கு ரூபாய் சேர்ந்தது. ராஜ வீதிக்கு நடந்து போய்க் கண்ணாடி வாங்கினாள். கறுப்பு பிரேம். கடைக்காரர், "ஏம்மா, வூட்டுக்காரர் வரலியா?" என்று கேட்டார்.

"அவரு வேலையில இருக்காரு. நானும் வேலையிலதான் இருக்கேன், சீக்கிரம் குடுங்க" என்றாள்.

அதே சாயங்காலம் சிட்டிபாபுவின் கூடத்தில் இரண்டு புடவைகள் விரிந்திருந்தன. சபாபதியுடையது மாம்பழ நிறம், அரக்குக் கரை. பரசுராமனுடையது கிளிப்பச்சை. சிட்டிபாபு மாம்பழத்தை விரலால் தடவினார். நிறுத்தினார்.

"ஏமிப்பா இது? கோர்வை விட்டிருக்குது."

"பொம்பளை கண்ணு சரியில்ல மொதலாளி" என்றான் சபாபதி. நாக்கு பழகிப்போயிருந்தது.

பக்கத்தில் பரசுராமன் நிமிர்ந்தான். "எந்தப் பொம்பளை?"

"அது... வந்து..."

"உன் தறியில மூணு வாரமா உக்காந்தது எம் பொண்டாட்டி. அவ கண்ணுக்கு இன்னா கொறைச்சல்?"

சிட்டிபாபு புடவையை விளக்கடிக்கு இழுத்தார். "ரெண்டு பேரும் கத்தாதீங்கப்பா. விட்டிருக்கிறது இடப்பக்கக் கரை. அங்க பொம்பளை ஏது?"

இடப்பக்கக் கரை நெசவாளியுடையது. பன்னிரண்டு ரூபாய் குறைத்துக்கொண்டு கொடுத்தார் சிட்டிபாபு. இத்தனை வருஷமாகக் குறைந்த பத்துகளும் பதினைந்துகளும் எந்தப் பக்கத்துக்கு உரியவை என்று அவர் இதுவரை பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. பதில்தான் தயாராக இருந்ததே.

சபாபதி வீட்டுக்கு வந்தபோது நீலாம்பாள் புதுக் கண்ணாடியோடு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் அவள் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. அவன் டிரான்சிஸ்டரைத் திருகினான், நிறுத்தினான்.

"போதும். திங்கக்கிழமையிலேர்ந்து நம்ம தறிக்கு வந்துடு."

"ஆள் வேணுமா, ஒத்தாசை வேணுமா?"

"இன்னாடி பேச்சு இது?"

"ஒத்தாசைன்னா பக்கத்து வூட்ல கேளுங்க. ஆள்னா எட்டு ரூபா, டீ, பன்னு."

அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "பொண்டாட்டிக்குக் கூலி குடுக்குறான்னு தெருவே சிரிக்கும் நீலா. என் கையால எப்படிக் குடுப்பேன்?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவன் அவளைப் பெயர் சொல்லி அழைத்துக் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. அவளுக்கும் மனம் கொஞ்சம் இளகத்தான் செய்தது. எட்டு ரூபாய் மட்டும் இளகவில்லை.

"என் கையில குடுக்க வேணாம். சாமிகிட்ட வச்சிடுங்க."

"சாமிகிட்டயா?"

"சனிக்கிழமை வெளக்கேத்தச்சொல்ல காமாட்சி படத்துக்கு முன்னால வைங்க. நான் எடுத்துக்கிறேன்."

சபாபதி யோசித்தான். அம்மனுக்குக் காணிக்கை வைப்பதில் ஆண்பிள்ளைக்கு என்ன இழுக்கு? திங்கட்கிழமை நீலாம்பாள் தன் தறிக்குத் திரும்பினாள். வலப்பக்கத்து நூல் ஒன்றாகத் தெரிந்தது. இடப்பக்கத்து நூலும் தெரிந்தது. "அங்க விட்டுடுச்சு பாருங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்துப் போட்டான். பதினோரு மணிக்கு அவனே போய் டீயும் பன்னும் வாங்கி வந்தான், தெருவில் யாரும் பார்க்காதபடி துண்டுக்குள் மறைத்து.

கீரை கொடுக்க வந்த லில்லி அந்த டம்ளரைப் பார்த்தாள். "எப்படிம்மா இருக்குது டீ?"

"நல்லாத்தான் இருக்குது. நீ பறிச்சதா இருக்கும்."

"நான் பறிச்ச நல்ல எலையெல்லாம் சீமைக்குப் போயிடுச்சு. இது கூட்டித் தள்ளுன தூளு" என்றாள் லில்லி. "தூளுன்னாலும் சூடா இருக்குதில்ல, குடிங்க."

சனிக்கிழமை விளக்கேற்றியாயிற்று. சபாபதி குளித்து, விபூதி பூசி, அம்மன் படத்துக்கு முன்னால் ரூபாய் நோட்டுகளை வைத்துவிட்டுத் தறிப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். நீலாம்பாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, காமாட்சி ஏழுதான் குடுத்திருக்கா."

"டீக்கும் பன்னுக்கும் ஒரு ரூபா புடிச்சிக்கினா" என்று தறிப்பக்கமிருந்து பதில் வந்தது.

ஈர இலைக்கு ஒரு கிலோ கழித்தவனை நீலாம்பாள் பார்த்ததில்லை. ஆனால் அவன் எங்கே இருக்கிறான் என்று இப்போது தெரிந்தது. அவள் ஏழு ரூபாயையும் படத்துக்கு முன்னாலேயே திருப்பி வைத்தாள். பாயை உதறிப் போட்டு, படத்துக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அடுப்பில் உலை வைக்கவில்லை. விளக்குக்கு எண்ணெய் விட்டாள். மறுபடி உட்கார்ந்தாள்.

தெருவில் சாப்பாட்டு வாசனை அடங்கிற்று. சபாபதி ஒருமுறை இருமினான். ஒருமுறை டிரான்சிஸ்டரைத் தட்டினான். பிறகு எழுந்து வந்து, சட்டைப்பையைத் துழாவி, ஒரு ரூபாயை எடுத்து அம்மனுக்கு முன்னால் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

திறந்திருந்த வாசல் வழியாக யாராவது பார்த்திருந்தால், நல்ல பக்திமான் என்று நினைத்திருப்பார்கள்.